நாழிகைக் கணக்கு



கடிகாரம் பன்னிரண்டு மணி அடிக்கும்போது கதிரவன் உச்சியில் நிற்கிறான் என்று நாம் எண்ணுவது வழக்கம். பெங்களூரில் அவன் அப்போது உச்சிக்கு வருவதில்லை. ஏறத்தாழ 20 நிமிடம் கழித்தே வருகிறான். பருவத்துக்கு ஏற்ப அந்த இடைவெளி சற்றுக் கூடும், சற்றுக் குறையும். 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று நம் நாட்டுக்கு ஒரு பொது நேரம் வகுக்கப்பட்டது. அது மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. பெங்களூரோ அதற்கு மேற்கே ஏறத்தாழ ஐந்து பாகை தள்ளி நிற்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் ஐந்து பாகைக்கு 20 நிமிடம். பம்பாய் மாநகரம் இந்தப் பொது நேரத்தை ஏற்க மனமின்றி, 1955 வரை தன் பழைய நேரத்தையே வைத்துக் கொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கடிகாரம் மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை என்பதை நினைவூட்டவே. முள்ளை முன்னும் பின்னும் நகர்த்த நம்மால் முடியும். ஆனால் ஒரு நாளோடு அரை நாழிகையைக் கூட்ட அரசராலும் ஆகாது. நாள் என்பது நாம் ஈட்டிய பொருள் அன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். ஒப்படைத்தவர் ஒருநாள் கணக்குக் கேட்பார் என்பது கிறிஸ்தவ நெறியின் அடிப்படையான எண்ணங்களுள் ஒன்று. ஆகவே காலத்தைப் பற்றிப் பேசும்போது, 'எப்படி விரைந்து செய்வது?' என்ற கேள்வியை அந்நெறி முதலில் எழுப்புவதில்லை. 'எதைச் செய்வது? யாருக்காகச் செய்வது?' என்றே அது முதலில் கேட்கிறது. அந்தக் கேள்வியை, பெங்களூரின் நீலசந்திராவில் நின்றுகொண்டு இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

'சந்திரா' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பெங்களூரைச் சுற்றிப் பல உண்டு. பொம்மசந்திரா, சிங்கசந்திரா என்பன போல நீலசந்திராவும் ஒன்று. ஒருபுறம் ஆஸ்டின் டவுன், மறுபுறம் விவேக்நகர், சிறிது தொலைவு நடந்தால் ரிச்மண்ட் டவுனும் ஜான்சன் மார்க்கெட்டும் வந்துவிடும். 1809-ஆம் ஆண்டில் பெங்களூரில் படைப் பாளையம் அமைந்தபோது, சென்னைப் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும் வணிகரும் கைவினைஞரும் பணியாளரும் வந்து சேர்ந்தனர். அவ்வாறு வந்தோரின் வழிவந்தோரும், நேற்று முன்தினம் கிருஷ்ணகிரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பேருந்து ஏறி வந்தோரும் இன்று ஒரே சந்தில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். தொழுகை அழைப்பும் கோவில் மணியும் தேவாலய மணியும் இங்கே ஒரே காற்றில் கலந்து வருகின்றன. வியாழக்கிழமையானால், விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தை நோக்கி மக்கள் சாரி சாரியாகச் செல்வதைக் காணலாம்.

இவ்வாறு பிறமாநிலம் வந்து வாழும் நம்மவர்க்குக் காலத்தைப் பற்றி ஒரு தனி நோய் உண்டு. ஒத்திவைத்தல் என்று அதற்குப் பெயரிடலாம். 'இன்னும் இரண்டாண்டு, பிறகு ஊருக்குப் போய்விடுவோம்' என்ற சொல்லைக் கேட்காத வீடு இல்லை. ஊருக்குப் போன பிறகு வீடு கட்டலாம். அதன் பிறகு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தரலாம். பிறகு அம்மாவோடு இருக்கலாம். பிறகு ஓய்வாக உட்கார்ந்து ஜெபம் செய்யலாம். இரண்டாண்டு இருபதாண்டாகிறது. பிள்ளைகள் கன்னடத்தில் படித்து, ஆங்கிலத்தில் எழுதி, வளர்ந்துவிடுகிறார்கள். புகைவண்டி நிலையத்தின் காத்திருப்போர் அறையிலேயே ஒருவன் தன் வாழ்நாளைக் கழித்துவிட்டது போல ஆகிவிடுகிறது.

இந்த நோய் புதியதன்று. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்ற மக்களுக்கு இதே நோய் வந்தது. அனனியா என்பவன், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று தீர்க்கதரிசனம் போலச் சொன்னான். கேட்டோர் மகிழ்ந்தனர். எரேமியா என்னும் தீர்க்கதரிசியோ அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுபது ஆண்டு ஆகும் என்றார். ஆகையால் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், நீங்கள் வாழும் நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று அறிவுறுத்தினார். தாயகத்தை மறக்கச் சொன்ன கடிதம் அன்று அது. நாளைக்கு என்று வாழ்வை மூட்டை கட்டி வைக்காதீர்கள் என்று சொன்ன கடிதம். பம்பாய்த் தாராவியில் இருந்தாலும், டில்லியில் இருந்தாலும், கோலார் தங்கவயலில் இருந்தாலும், நம் ஒவ்வொருவர் பெயருக்கும் முகவரியிட்டு அக்கடிதம் வந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

சரி, வாழத் தொடங்குவோம் என்று துணிந்தால் உடனே எழுவது அளவு பற்றிய கேள்வி. செய்ய வேண்டியவை மலைபோல் உள்ளன, நேரமோ கைப்பிடியளவு. இதற்கு விடையை நான் ஒரு தையற்காரரிடம் கற்றேன்.

நீலசந்திராவில் ஒரு சிறு தையற்கடை. கார்த்திகை பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் ஆடைக்காக மக்கள் துணியோடு வரத் தொடங்குவர். கடை வாயிலில் ஒரு கரும்பலகை தொங்கும். அதில் ஓர் எண் மட்டும் எழுதியிருக்கும். நாள்தோறும் அந்த எண் குறைந்துகொண்டே வரும். சுழியம் வந்துவிட்டால், எத்தனை கூலி கொடுத்தாலும் பெரியவர் துணி வாங்குவதில்லை. ஒருநாள் காரணம் கேட்டேன்.

"ஐயா, முன்பெல்லாம் வந்ததை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் ஒரு சிறு பெண். பழைய பாவாடை, ஓரத்தில் ஒட்டுப் போட்டது. அவள் துணி என் கடையில் வெட்டாமல் கிடந்தது. அன்றைக்கு என்ன பிரசங்கம் நடந்தது என்று எனக்குத் தெரியாது ஐயா. அந்தப் பாவாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

அதன் பிறகு அவர் ஒரு கணக்குப் போட்டார். பண்டிகைக்கு முன் ஞாயிறு நீங்கலாகத் தமக்குக் கிடைப்பது 30 நாள். தாமும் மனைவியுமாக நாளொன்றுக்கு நான்கு உருப்படி தைக்கலாம். ஆக 120. ஆனால் பலகையில் அவர் எழுதுவது 110 தான். மீதிப் பத்து எதற்கு என்று கேட்டேன். இயந்திரம் பழுதானால், காய்ச்சல் வந்தால், கைக்காவல் வேண்டும் என்றார். சற்று நேரம் கழித்து, "கூலி கைக்கு வந்த பிறகு கடைசி நாளில் துணி எடுத்து வருகிற தாய்மார் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?" என்றும் சொன்னார்.

காலத்தை ஆளுதல் பற்றி நான் கற்றவை அனைத்தும் அந்தப் பலகைக்குள் அடங்கிவிட்டன. ஓர் ஆடையை ஏற்றுக்கொள்வது, சில மணி நேரத்தை மற்றொருவருக்கு எழுதிக் கொடுப்பது போன்றது. இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுபவனை உலகம் ஏமாற்றுக்காரன் என்கிறது. இல்லாத நேரத்துக்கு வாக்குக் கொடுப்பவனை மட்டும் நல்ல மனிதன், யாருக்கும் இல்லையென்று சொல்லாதவன் என்று புகழ்கிறோம். இயேசு பெருமானோ, கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்டார். அடித்தளத்தோடு நின்றுபோன கோபுரத்தைக் கண்டு ஊர் நகைக்கும் என்றார். கணக்கிடுதல் விசுவாசக் குறைவு ஆகாது. வாய்மையின் ஒரு பகுதி ஆகும்.

நாமும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போமே. ஒரு வாரத்துக்கு 168 மணி. உறக்கத்துக்கு நாளொன்றுக்கு ஏழு வீதம் 49. ஆறு நாள் வேலை, எட்டு மணி வீதம் 48. பெங்களூரின் நெரிசலில் போக்குவரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு வீதம் 12. குளியல், சமையல், உணவு, வீட்டுவேலை ஆகியவற்றுக்கு மூன்று வீதம் 21. ஆக மொத்தம் 130. மீதி 38 மணி. அந்த 38 மணி எங்கே போகிறது என்று ஒரு வாரம் தாளில் குறித்து வாருங்கள். கைப்பேசியின் சிறு திரை அதில் பாதியை மேய்ந்துவிட்டதைக் கண்டு பலர் திடுக்கிடுவீர்கள்.

ஆனால் இங்கே ஒரு நேர்மையான தடை எழுகிறது. பன்னிரண்டு மணி நேரம் காவல் நிற்கும் தொழிலாளிக்கு இக்கணக்குப் பொருந்துமா? அவருக்கு வேலை மட்டும் 72 மணி. மற்றவை முன்போலவே இருக்குமானால் மீதி 14 மணிதான். ஏழாம் நாளும் பணிக்கு அழைக்கப்பட்டால் அந்தப் பதினான்கும் இல்லை. நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கித் தன் வீட்டில் ஐந்தாவது முறை துலக்கும் தாயிடம், காலத்தை வீணாக்காதே என்று பிரசங்கம் செய்வது கொடுமை. அவளுடைய காலத்தை அவள் வீணாக்கவில்லை; பிறர் எடுத்துக்கொண்டார்கள்.

வேதாகமம் இதை மறக்கவில்லை. ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையைக் கூர்ந்து பாருங்கள். அந்நாளில் நீ ஓய்ந்திரு என்று சொல்வதோடு அது நின்றுவிடவில்லை. உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் எருது, உன் ஊரில் வந்து தங்கிய அந்நியன் ஆகியோரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. நீயும் ஒருகாலத்தில் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதையும் நினைவூட்டுகிறது. ஆகவே வீட்டில் பணியாள் வைத்திருக்கும் கிறிஸ்தவர் ஒருவர், தாம் ஞாயிறன்று ஆலயம் சென்று திரும்பியபின் சமைக்க அப்பணியாளை வரச் சொன்னால், அவர் ஓய்வுநாளில் பாதியைத்தான் அனுசரித்தவர் ஆவார். நம் காலத்தைச் சீர்ப்படுத்துவதன் முதல் படி, பிறர் காலத்தைத் திருடாதிருத்தல்.

வைகறையில் சாலைச் சந்திப்புகளில் அன்றாடக் கூலிக்காகக் கருவிகளோடு நிற்போரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இயேசு பெருமானின் திராட்சைத் தோட்ட உவமையில் வருவோர் அவர்களே. மாலை ஐந்து மணிக்கும் சிலர் சந்தையில் நின்றனர். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றதற்கு, எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லையே என்றனர். தோட்டத்து உரிமையாளர் அவர்களையும் அழைத்து, ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு நாள் கூலி கொடுத்தார். கடிகாரக் கணக்குக்கு அது ஒவ்வாது. மிகக் குறைந்த நேரமே கையில் உள்ளவருக்கும் கடவுளின் முன் முழு நாளின் மதிப்பு உண்டு என்பதே அவ்வுவமை நமக்குத் தரும் ஆறுதல்.

இனி, நேரம் சிறிது உடையோர் அதை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்குப் பெங்களூரிலேயே ஒரு சான்று உண்டு. நீலசந்திராவிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில் பிஷப் காட்டன் பள்ளி இருக்கிறது. அதற்கு 1871-இல் தலைமை ஏற்று வந்தவர் டாக்டர் ஜி. யு. போப். கனடாவைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820-இல் பிறந்த அவர், தம் முதல் தமிழ்ப் பாடத்தை 1837-இல் கற்றார். 1839-இல் கடல் கடந்து வந்தார். சாயர்புரம், தஞ்சை, உதகமண்டலம், பெங்களூர் என்று ஊர் ஊராகப் பணி. பள்ளி நடத்துவோர்க்கு எத்தனை தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் தமிழ்ப் பயிற்சியை அவர் விட்டுவிடவில்லை.

1880-களின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து திரும்பியபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பலர் ஓய்ந்து அமரும் பருவம் அது. 1884-இல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கத் தொடங்கினார். 1886-இல் அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு வந்தது, 1893-இல் நாலடியார், 1900-இல் திருவாசகம். திருவாசகத்தின் முன்னுரையில் அவர் இட்ட நாள், தம் எண்பதாம் பிறந்த நாளாகிய ஏப்ரல் 24. அம்முன்னுரையில் ஒரு செய்தி வருகிறது. பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் என்பவரோடு ஓரிரவு நடந்துகொண்டே திருவாசகத்தைப் பற்றிப் போப் பேசுகிறார். மொழிபெயர்க்கலாமே என்கிறார் ஜோவெட். அத்துணைப் பெரும்பணிக்கு இனி எனக்கு வாழ்நாள் ஏது என்கிறார் போப். அவர் தோளில் கைவைத்து, பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடிது வாழும் வழி, முடிக்கும் வரை வாழ்வீர் என்ற கருத்தில் நண்பர் ஊக்கமூட்டுகிறார். 1893-இல் ஜோவெட் மறைந்தார். போப் பணியை முடித்தார். அதன்பின் எட்டாண்டு வாழ்ந்து 1908-இல் மறைந்தார்.

1837-க்கும் 1900-க்கும் இடையே 63 ஆண்டு. அதில் பெரும்பகுதி பிற கடமைகளுக்கே சென்றது. நாள்தோறும் ஒதுக்கிய சிறு பொழுதுகள்தாம் இறுதியில் அந்நூல்களாயின. தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்ந்த ஒருவர் நம் மொழிக்காகத் தம் நாளில் இடம் கண்டார் எனின், நாம் நம் மொழிக்கு இடமில்லை என்று சொல்வது எங்ஙனம்?

அவர் மொழிபெயர்த்த குறளில் ஓர் அமைப்பைக் கவனியுங்கள். வலியறிதல் 48-ஆம் அதிகாரம், காலமறிதல் 49, இடனறிதல் 50. காலம் நடுவே நிற்கிறது. உன் வலிமை எவ்வளவு, நீ நிற்கும் இடம் எது என்ற இரண்டையும் அறியாதவனுக்குக் காலத்தை மட்டும் அறிவது பயன்படாது என்று அவ்வரிசையிலிருந்து நான் பொருள் கொள்கிறேன். தையற்காரப் பெரியவர் தம் வலியை அறிந்தார், நாளொன்றுக்கு நான்கு. எரேமியா மக்களுக்கு இடத்தை அறிவித்தார். நீங்கள் இருப்பது பாபிலோன்.

இவ்வளவும் அறிந்த பின்னும் எதை முதலில் வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. இங்கே இயேசு பெருமானின் நாட்களையே பார்ப்போம். கப்பர்நகூமில் ஒரு மாலை முழுதும் நோயாளரைக் குணமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து தனியிடம் சென்று ஜெபித்தார். சீடர்கள் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றனர். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். தேடியவர் அனைவருக்கும் அவர் இசையவில்லை. காரணம், அதற்கு முன்பே தந்தையோடு பேசித் தம் பணி எது என்று தெளிந்திருந்தார். ஆனால் அவரே, யவீருவின் சாகக் கிடந்த மகளைக் காண விரைந்து செல்லும் வழியில், கூட்டத்தில் தம் ஆடையைத் தொட்ட ஒரு நோயாளிப் பெண்ணுக்காக நின்றுவிட்டார். அந்தத் தாமதம் அவருக்குச் சுமையாகத் தோன்றவில்லை. திட்டம் உடையவராக இருந்தார். திட்டத்துக்கு அடிமையாக இருக்கவில்லை. பெரியவரின் பலகையில் எழுதாமல் விட்ட பத்து உருப்படிகளுக்கு இதுவே விளக்கம்.

முடிக்கும் முன் மூன்று செயல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நாளின் தொடக்கத்தில் பத்து நிமிடம் அமைதி. கைப்பேசியைத் தொடுவதற்கு முன் அது நிகழ வேண்டும். அன்றைய வேலைகளைக் கடவுள் முன் வைத்து, இன்று இது ஒன்றேனும் முடிய வேண்டும் என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். எந்தச் சமயத்தவர்க்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளோடு 15 நிமிடம் தமிழ் வாசிப்பு. ஆண்டுக்கு அது 91 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நாளுக்கு ஒரு குறள் என்று தொடங்கினால் 1,330 குறளும் நான்கு ஆண்டுக்குள் முடிந்துவிடும். மூன்றாம் வகுப்பில் தொடங்கிய குழந்தை ஏழாம் வகுப்பை எட்டுமுன் முடித்திருக்கும். விரும்புவோர் அதனோடு வேதாகமத்தின் ஒரு பகுதியையும் படிக்கலாம்.

மூன்றாவது, வாரத்தில் ஒரு நாள் ஊரிலுள்ள பெற்றோர்க்கு. பணம் அனுப்பியதைச் சொல்வதற்காக மட்டும் பேசாதீர்கள். கேட்பதற்காகப் பேசுங்கள். அவர்கள் சொன்ன கதையையே மீண்டும் சொல்வார்கள், பொறுமையாகக் கேளுங்கள். நமக்கு 'இன்னும் இரண்டாண்டு' என்பது ஒரு பேச்சு. அவர்களுக்கு அது சில வேளை முழுக் கணக்காக இருக்கும்.

அண்மையில் அந்தத் தையற்கடையைக் கடந்து சென்றேன். பலகையில் சுழியம் இருந்தது. வாயிலில் ஒரு தாய், கையில் ஒரு சிறு துணிப்பொட்டலத்தோடு தயங்கி நின்றாள். பெரியவர் கண்ணாடியை உயர்த்தி அவளைப் பார்த்தார். பலகையைப் பார்க்கவில்லை. "உள்ளே வா அம்மா, குழந்தையின் அளவு கொண்டுவந்தாயா?" என்றார்.

நம் நாட்களையும் அவ்வாறே எண்ணக் கற்றுக்கொள்வோமாக.